தலைவர் இல்லாத வரிசை



கைப்பேசியில் அத்தையை அழைக்கிறீர்கள். அத்தை அடுத்த தெருவில்தான் இருக்கிறார். ஆனாலும் உங்கள் குரல் நேராக அவருடைய கைப்பேசிக்குப் போவதில்லை. முதலில் பக்கத்திலுள்ள செல்போன் கோபுரத்துக்குப் போகிறது. பிறகு தொலைபேசி நிறுவனத்தின் கணினிகளைச் சுற்றிவிட்டு மறுபடி ஒரு கோபுரத்துக்கு வருகிறது. அங்கிருந்துதான் அத்தையின் காதை எட்டுகிறது.

ஒரு கோபுரத்தை நம்பி நூற்றுக்கணக்கான கைப்பேசிகள் இருக்கும். எது எப்போது பேசலாம், எந்த அலைவரிசையில் பேசலாம் என்று கோபுரம்தான் உத்தரவு போடுகிறது. கைப்பேசிகள் அதன்படி நடக்கின்றன. அதனால் குழப்பம் வருவதில்லை.

கோபுரமே இல்லாத இடத்தில் என்ன செய்வது?

புயலில் கோபுரம் சாய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீட்புப் பணிக்கு வந்தவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசியாக வேண்டும். அல்லது நடுக்காட்டில் விஞ்ஞானிகள் சின்னச் சின்னக் கருவிகளை வைத்து வெப்பத்தையும் ஈரத்தையும் அளக்கிறார்கள். அங்கே கோபுரம் கட்ட யார் வருவார்கள்? இத்தகைய இடங்களில் கருவிகள் தங்களுக்குள் நேரடியாகப் பேசிக்கொள்ளும். செய்தி போக வேண்டிய கருவி எட்டாத தூரத்தில் இருந்தால், நடுவில் இருக்கும் கருவி அதை வாங்கி அடுத்த கருவிக்குத் தள்ளிவிடும். யாரும் முன்கூட்டிக் கட்டிவைக்காமல், தேவையான இடத்தில் தேவையான நேரத்தில் தானாகக் கூடும் இந்த வலைக்கு 'அட்ஹாக் வலை' என்று பெயர்.

இந்த வலையில் தலைவர் கிடையாது. உத்தரவு போட ஆள் இல்லை. ஆனால் அலைவரிசை ஒன்றுதான். அதை எல்லோரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு கருவிகள் ஒரே நேரத்தில் ஒரே அலைவரிசையில் செய்தி அனுப்பினால், இரண்டு ரேடியோ அலைகளும் ஒன்றாகக் கலந்துவிடும். கேட்கும் கருவிக்கு இரண்டுமே புரியாது. இதைப் பொறியாளர்கள் 'மோதல்' என்பார்கள்.

அப்படியானால் யார் முதலில் பேசுவது? யாரும் சொல்லாமலே அதை எப்படி முடிவு செய்வது? இந்தக் கேள்விக்கு விடை தேடும் துறைக்கு 'ஊடக அணுகல் கட்டுப்பாடு' என்று பெயர். சுருக்கமாக 'மேக்'. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அறிஞர்கள் இதற்கு ஒன்றன்பின் ஒன்றாக விடை கண்டுபிடித்து வருகிறார்கள். அந்தக் கதையைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

தீவுகளில் பிறந்த யோசனை

பசிபிக் பெருங்கடலின் நடுவே ஹவாய்த் தீவுகள் இருக்கின்றன. அவை அமெரிக்காவின் ஒரு மாநிலம். ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் பெரிய கணினி ஓஹூ என்ற தீவில் இருந்தது. மற்ற இடங்களில் இருந்தவர்களும் அந்தக் கணினியைப் பயன்படுத்த விரும்பினார்கள். ஆனால் அந்தக் காலத்துத் தொலைபேசிக் கம்பிகள் கணினிச் செய்திகளைச் சுமக்க ஏற்றவையாக இல்லை. செலவும் அதிகம்.

அங்கே நார்மன் ஆப்ராம்சன் என்ற பேராசிரியர் இருந்தார். கடல் அலையில் பலகை வைத்துச் சறுக்குவதில் அவருக்குக் கொள்ளை ஆசை. அவர் ஹவாய்க்கு வந்து சேர்ந்ததற்கு அந்த ஆசையும் ஒரு காரணம். கடல் அலையை விரும்பிய அவர் ரேடியோ அலையையும் கையில் எடுத்தார். ஃபிராங்க்ளின் குவோ முதலிய நண்பர்களோடு சேர்ந்து, கம்பி இல்லாமல் ரேடியோ வழியாகவே கணினியோடு பேசும் வலையை உருவாக்கினார். 1971 ஜூன் மாதம் அது இயங்கத் தொடங்கியது. அதன் பெயர் அலோஹாநெட்.

அலோஹாநெட்டில் நடுவே ஒரு நிலையம் உண்டு. ஆனால் "இப்போது நீ பேசு, பிறகு நீ பேசு" என்று அது யாருக்கும் முறை வைக்கவில்லை. வெளியிடங்களில் இருந்த கருவிகள் எல்லாம் ஒரே அலைவரிசையில் தாங்களாகவே அனுப்பின. அதனால்தான் தலைவர் இல்லாத வலைகளின் கதை இங்கிருந்து தொடங்குகிறது.

ஆப்ராம்சன் வகுத்த விதி மிக எளிமையானது. செய்தி இருந்தால் உடனே அனுப்பு. 'கிடைத்தது' என்று பதில் வந்தால் வேலை முடிந்தது. பதில் வராவிட்டால் மோதல் நடந்திருக்கலாம். கொஞ்ச நேரம் காத்திருந்து மறுபடி அனுப்பு.

'கொஞ்ச நேரம்' என்றால் எவ்வளவு? இங்கேதான் அருமையான யோசனை ஒளிந்திருக்கிறது. மோதிய இரண்டு கருவிகளும் சரியாக ஒரு விநாடி காத்திருந்தால் என்ன ஆகும்? ஒரு விநாடி கழித்து இரண்டும் மறுபடி ஒன்றாகக் கிளம்பி மறுபடி மோதும். இப்படியே மோதிக்கொண்டே இருக்கும். அதனால் ஒவ்வொரு கருவியும் காத்திருக்கும் நேரத்தைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்றுக்குச் சின்ன எண் வரும், மற்றொன்றுக்குப் பெரிய எண் வரும். முதலில் கிளம்பியது தப்பித்துக்கொள்ளும். அதிர்ஷ்டத்தைக் கூட ஒரு கருவியாகப் பயன்படுத்தலாம் என்று அலோஹாநெட் உலகுக்குக் காட்டியது.

ஆனால் இதில் ஒரு குறை இருந்தது. அலோஹாநெட்டில் ஒரு முழுச் செய்தித் துண்டு 704 பிட்கள் (0 அல்லது 1 என்ற குறிகள்) கொண்டது. விநாடிக்கு 9,600 பிட் வேகத்தில் அதை அனுப்பச் சுமார் 73 மில்லிவிநாடி (ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மில்லிவிநாடி) ஆகும். அந்தத் துண்டு பத்திரமாகப் போய்ச்சேர வேண்டுமானால், அது கிளம்பிய பிறகு 73 மில்லிவிநாடிக்கு வேறு யாரும் கிளம்பக் கூடாது. அது மட்டும் போதாது. அதற்கு முந்தைய 73 மில்லிவிநாடியிலும் யாரும் கிளம்பியிருக்கக் கூடாது. ஏனென்றால் முன்பு கிளம்பியவரின் செய்தி இன்னும் முடிந்திருக்காது. ஆக, 73 மில்லிவிநாடிச் செய்திக்கு 146 மில்லிவிநாடி ஆபத்து! கணக்குப் போட்டுப் பார்த்தால், இந்த முறையில் மொத்த நேரத்தில் அதிகபட்சம் 18 சதவீதம்தான் உருப்படியாகப் பயன்படும்.

1972-இல் லாரன்ஸ் ராபர்ட்ஸ் என்ற விஞ்ஞானி ஒரு திருத்தம் சொன்னார். நேரத்தைச் சம கட்டங்களாகப் பிரித்துக்கொள்வோம். யாராக இருந்தாலும் கட்டத்தின் தொடக்கத்தில் மட்டுமே கிளம்ப வேண்டும். நடுவில் கிளம்பக் கூடாது. இந்த ஒரே விதியால் ஆபத்து நேரம் பாதியாகக் குறைந்தது. பயன் 18 சதவீதத்திலிருந்து சுமார் 37 சதவீதமாக, இரண்டு மடங்காக உயர்ந்தது.

பேசும் முன் கேள்

அலோஹா முறையில் கருவிகள் காதைத் தீட்டிக்கொள்ளாமல் பேசின. வேறு யாராவது பேசுகிறார்களா என்று முதலில் கேட்டுவிட்டுப் பேசினால் என்ன?

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் லியோனார்ட் கிளைன்ராக், ஃபுவாத் தொபாகி என்ற இருவர் இதை ஆழமாக ஆராய்ந்தார்கள். 1975-இல் கட்டுரைகளாக வெளியிட்டார்கள். 'அனுப்பும் முன் அலையைக் கேள். அமைதியாக இருந்தால் அனுப்பு. யாராவது அனுப்பிக்கொண்டிருந்தால் பொறு' என்பதுதான் இந்த முறை.

இதனால் மோதல் வெகுவாகக் குறைந்தது. ஆனால் முழுவதும் நிற்கவில்லை. ஏன் தெரியுமா? ஒரு கருவி பேசிக்கொண்டிருக்கும்போது மற்ற இரண்டு கருவிகள் காத்திருக்கின்றன. அது பேசி முடித்த அந்தக் கணமே இரண்டும் "அப்பாடா, அமைதி!" என்று ஒன்றாகக் கிளம்பினால் மோதல்தான். ஆகவே இங்கேயும் குலுக்கல் வேண்டும். அமைதி வந்த பிறகும் குலுக்கலில் வந்த நேரம் வரை பொறுத்துத்தான் கிளம்ப வேண்டும்.

விளையாடிப் பாருங்கள்

இதைப் படித்துப் புரிந்துகொள்வதை விட விளையாடிப் புரிந்துகொள்வது சுலபம். ஆறேழு பேர் வட்டமாக உட்காருங்கள். ஒரு டப்பாவில் 1 முதல் 8 வரை எழுதிய எட்டுச் சீட்டுகளைப் போடுங்கள். இன்னொரு டப்பாவில் 1 முதல் 16 வரை எழுதிய பதினாறு சீட்டுகள்.

ஒவ்வொருவரும் முதல் டப்பாவிலிருந்து ஒரு சீட்டை எடுத்து, யாருக்கும் காட்டாமல் எண்ணைப் பார்த்துக்கொண்டு, சீட்டைத் திரும்ப டப்பாவிலேயே போட்டுவிடுங்கள். உங்களுக்கு வந்த அதே எண் அடுத்தவருக்கும் வர வாய்ப்பு இருக்க வேண்டும் அல்லவா? பிறகு எல்லோரும் சேர்ந்து மெதுவாகக் கைதட்டுங்கள். முதல் தட்டு ஒன்று, அடுத்த தட்டு இரண்டு. உங்கள் எண் வந்ததும் எழுந்து நின்று ஒரு வாக்கியம் பேசுங்கள். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் கைதட்டுவதை நிறுத்திவிட வேண்டும். அவர் பேசி முடித்ததும் விட்ட இடத்திலிருந்து தட்டைத் தொடருங்கள்.

ஒரே தட்டில் இரண்டு பேர் எழுந்துவிட்டால்? அதுதான் மோதல். இருவரும் பேசாமல் உட்கார்ந்து, இரண்டாவது டப்பாவிலிருந்து புதுச் சீட்டு எடுக்க வேண்டும். அடுத்த தட்டிலிருந்து தங்களுக்கு ஒன்று, இரண்டு என்று புதிதாக எண்ணிக்கொள்ள வேண்டும்.

எதற்காக இரண்டாவது டப்பாவில் பதினாறு சீட்டு? எட்டுச் சீட்டில் இரண்டு பேருக்கு ஒரே எண் வர எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு. பதினாறு சீட்டில் அது பதினாறில் ஒரு பங்காகக் குறைகிறது. மோதல் நடந்தால், 'இங்கே கூட்டம் அதிகம்போல' என்று புரிந்துகொண்டு, தங்களுக்குள் இடைவெளியை அதிகமாக்கிக்கொள்கிறார்கள். கூட்டம் எவ்வளவு என்று யாரும் எண்ணிச் சொல்லவில்லை. மோதலே அந்தச் செய்தியைச் சொல்லிவிடுகிறது!

நீங்கள் விளையாடிய இதே விளையாட்டைத்தான் வைஃபை விளையாடுகிறது. வைஃபைக்கான 802.11 விதிகளின் முதல் பதிப்பு 1997-இல் வெளிவந்தது. 1999-இல் வந்த '802.11பி' வகையில் சீட்டுகள் 0 முதல் 31 வரை. மோதினால் 0 முதல் 63 வரை. மறுபடி மோதினால் 127 வரை. இப்படி இரட்டித்துக்கொண்டே போய் 1,023-இல் நின்றுவிடும். ஒரு 'தட்டு' என்பது 20 மைக்ரோவிநாடி. ஒரு விநாடியைப் பத்து லட்சம் துண்டுகளாக்கினால் ஒரு துண்டுதான் ஒரு மைக்ரோவிநாடி. அதாவது 31 தட்டு வரை காத்திருந்தாலும் 620 மைக்ரோவிநாடிதான். ஒரு மில்லிவிநாடி கூட ஆகாது.

இன்னொரு நுணுக்கமும் இதில் உண்டு. செய்தியைப் பெற்றவர் 'கிடைத்தது' என்று பதில் அனுப்ப வேண்டும். அந்தப் பதிலுக்கு முன்னால் வேறு யாராவது புகுந்துவிட்டால்? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். பதில் அனுப்புபவர் 10 மைக்ரோவிநாடி அமைதி இருந்தாலே கிளம்பலாம். புதுச் செய்தி அனுப்புபவர் 50 மைக்ரோவிநாடி அமைதி இருந்தால்தான் தன் தட்டுகளை எண்ணவே தொடங்கலாம். எனவே பதில்தான் எப்போதும் முந்திக்கொள்ளும். யாரும் "வழி விடு" என்று கேட்க வேண்டியதில்லை. காத்திருக்கும் நேரத்தின் நீளமே யாருக்கு முதலிடம் என்பதை முடிவு செய்துவிடுகிறது.

தன் குரலே தன் காதை மறைக்கும்

உங்களில் சிலர் இப்போது ஒரு கேள்வி கேட்கலாம். "பேசிக்கொண்டே கேட்டால், மோதல் நடக்கும்போதே தெரிந்துவிடுமே? உடனே நிறுத்திவிடலாமே?"

நல்ல கேள்வி. கம்பியில் அதைச் செய்ய முடிந்தது. 1973-இல் கலிஃபோர்னியாவில் இருந்த ஜெராக்ஸ் ஆராய்ச்சி மையத்தில், அலோஹாநெட்டைப் பற்றிப் படித்துத் தெரிந்துகொண்ட ராபர்ட் மெட்காஃப் ஈதர்நெட் என்ற கம்பி வலையைத் திட்டமிட்டார். அதில் ஒரு கணினி அனுப்பிக்கொண்டே கம்பியைக் கவனிக்கும். தான் அனுப்பியதும் கம்பியில் ஓடுவதும் வேறாக இருந்தால் மோதல் என்று புரிந்துகொண்டு உடனே நிறுத்திவிடும்.

ரேடியோவில் இது கடினம். வைஃபை கருவி அனுப்பும் சக்தி ஏறத்தாழ 100 மில்லிவாட் என்று வைத்துக்கொள்வோம். சற்றுத் தள்ளியுள்ள கருவியிலிருந்து அதற்கு வந்து சேரும் சக்தி ஒரு நானோவாட்டில் பத்தில் ஒரு பங்காக இருக்கலாம். இரண்டுக்கும் நூறு கோடி மடங்கு வித்தியாசம்! தன் அலை தன் 'காதை' முழுவதும் நிரப்பிவிடும்போது, அந்த மெல்லிய அலை அதற்கு எப்படிக் கேட்கும்? அதனால்தான் ரேடியோவில் மோதலை நடக்கும்போது கண்டுபிடிப்பதை விட, நடக்கும் முன்பே தவிர்ப்பதில் எல்லோரும் கவனம் செலுத்தினார்கள்.

கேட்டும் கேட்காத கருவி

இப்போது கதையின் கடினமான பகுதிக்கு வருவோம். அ, ஆ, இ என்று மூன்று கருவிகள் ஒரே வரிசையில் இருக்கின்றன. அ ஒரு கோடியில், இ மறு கோடியில், ஆ நடுவில். அ-வின் அலை ஆ வரை எட்டும். இ வரை எட்டாது. இ-யின் அலையும் அப்படித்தான்.

அ, ஆ-வுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கிறது. இ-க்கும் ஆ-வோடு பேச வேண்டும். இ விதிப்படி முதலில் கேட்கிறது. அ-வின் அலை அதற்கு எட்டவில்லை. "அமைதியாகத்தானே இருக்கிறது" என்று அனுப்பத் தொடங்குகிறது. ஆ-விடம் இரண்டு அலைகளும் வந்து மோதுகின்றன. அ, இ இரண்டுமே விதியை மீறவில்லை. ஆனாலும் மோதல்! இதற்கு 'மறைந்த முனையம்' சிக்கல் என்று பெயர். கிளைன்ராக்கும் தொபாகியும் 1975-லேயே இதைச் சுட்டிக்காட்டிவிட்டார்கள்.

இதையும் நீங்கள் செய்து பார்க்கலாம். பள்ளித் தாழ்வாரத்தின் இரு கோடியிலும் இருவர் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, நடுவில் நிற்பவரிடம் மெல்லிய குரலில் ஒரு கதை சொல்லுங்கள். கோடியில் நிற்கும் இருவருக்கும் மற்றவர் குரல் கேட்காது. நடுவில் நிற்பவர் பாடுதான் திண்டாட்டம்!

இந்தச் சிக்கல் ஒரு பெரிய உண்மையைக் கற்றுத் தருகிறது. மோதல் நடப்பது அனுப்புபவரிடம் அல்ல, பெறுபவரிடம். ஆகவே அனுப்புபவர் தன் இடத்தில் அமைதியாக இருக்கிறதா என்று பார்த்தால் போதாது. பெறுபவரின் இடத்தில் அமைதியாக இருக்கிறதா என்று தெரிய வேண்டும். அது யாருக்குத் தெரியும்? பெறுபவருக்கு மட்டும்தான்.

அப்படியானால் அவரையே கேட்டுவிடலாமே!

"அனுப்பட்டுமா?" "அனுப்பு!"

1990-இல் ஃபில் கார்ன் இதற்கு வழி சொன்னார். அவர் ஒரு ரேடியோ ஆர்வலர். வீட்டிலேயே ரேடியோ வைத்து உலகின் பல மூலைகளில் இருப்பவர்களோடு பேசும் 'ஹாம்' வானொலிக்காரர். ஹாம் வானொலியில் கணினிச் செய்தி அனுப்பும்போது மறைந்த முனையங்களால் பெரும் தொல்லை இருந்தது. அதைத் தீர்க்க அவர் சொன்ன முறைக்கு 'மாக்கா' என்று பெயர்.

அ முதலில் பெரிய செய்தியை அனுப்பாது. "ஆ, உனக்கு ஒரு செய்தி இருக்கிறது, இவ்வளவு நீளம், அனுப்பட்டுமா?" என்று குட்டிக் கேள்வி ஒன்றை அனுப்பும். ஆ தயாராக இருந்தால், "அனுப்பு, இவ்வளவு நீளம்" என்று குட்டிப் பதில் தரும். அ-வின் கேள்வி இ-க்குக் கேட்டிருக்காது. ஆனால் ஆ-வின் பதில் இ-க்கும் கேட்கும்! "ஓஹோ, யாரோ ஆ-வுக்கு இவ்வளவு நீளச் செய்தி அனுப்பப்போகிறார்கள்" என்று புரிந்துகொண்டு, அவ்வளவு நேரம் இ வாய் திறக்காது. அ யார், எங்கே இருக்கிறது என்றெல்லாம் இ-க்குத் தெரிய வேண்டியதே இல்லை.

இரண்டு குட்டிக் கேள்விகள் மோதிக்கொண்டால்? மோதலாம். ஆனால் நட்டம் சிறியது. வைஃபை விதிகளிலும் இடம்பெற்ற இந்தக் கேள்வி 20 பைட், பதில் 14 பைட் மட்டுமே (எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட்). செய்தியோ 2,304 பைட் வரை இருக்கலாம். பெரிய செய்தி முழுவதும் வீணாவதை விட இருபது பைட் வீணாவது எவ்வளவோ மேல்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1994-இல், வடுவூர் பார்கவன், ஆலன் டெமர்ஸ், ஸ்காட் ஷெங்கர், லிஷியா ஜாங் என்ற நால்வர் மாக்காவை மேலும் சீராக்கி 'மாக்காவ்' என்ற முறையை வெளியிட்டார்கள். செய்தி வந்து சேர்ந்ததும் 'கிடைத்தது' என்று பதில் தருவதை அவர்கள் முறையில் சேர்த்தார்கள்.

அதைவிட எனக்கு மிகவும் பிடித்தது, அவர்கள் நியாயத்தைப் பற்றி யோசித்ததுதான். சீட்டு விளையாட்டை நினைத்துப் பாருங்கள். மோதியவர் பெரிய டப்பாவுக்குப் போகிறார். ஜெயித்தவர் சின்ன டப்பாவிலேயே இருக்கிறார். ஜெயித்தவருக்குத் தொடர்ந்து பேச நிறையச் செய்தி இருந்தால் என்ன ஆகும்? சின்ன எண்கள் அவருக்கே வந்துகொண்டிருக்கும். அவரே மறுபடி மறுபடி ஜெயிப்பார். தோற்றவர் பெரிய எண்ணை வைத்துக்கொண்டு காத்திருப்பார். விதி எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் பலன் ஒருவருக்கே போகிறது. இது நியாயமா?

மாக்காவ் இதற்கு அழகான தீர்வு சொன்னது. ஒவ்வொரு கருவியும் தன் டப்பா எவ்வளவு பெரியது என்பதைத் தன் செய்தியிலேயே எழுதி அனுப்பட்டும். அதைக் கேட்கும் அக்கம்பக்கத்துக் கருவிகள் எல்லாம் அதே அளவுக்குத் தங்கள் டப்பாவை மாற்றிக்கொள்ளட்டும். அப்போது ஜெயித்தவருக்கும் தோற்றவருக்கும் அடுத்த சுற்றில் சம வாய்ப்பு. மேலும், மோதினால் டப்பா ஒன்றரை மடங்காகப் பெருகட்டும்; ஜெயித்தால் ஒன்று மட்டும் குறையட்டும். ஒரே தாவலாகக் கீழே இறங்க வேண்டாம். கூட்டம் இருந்ததை அவ்வளவு சீக்கிரம் மறந்துவிடக் கூடாது அல்லவா?

தேவையில்லாத மௌனமும் வீண்தான்

இன்னொரு கருவியைச் சேர்ப்போம். அ, ஆ, இ, ஈ என்று நான்கும் வரிசையில் இருக்கின்றன. ஆ, அ-வுக்கு அனுப்புகிறது. அதே நேரம் இ-க்கு ஈ-யோடு பேச வேண்டும். இ கேட்டுப் பார்க்கிறது. ஆ-வின் அலை பலமாகக் கேட்கிறது. "யாரோ பேசுகிறார்கள்" என்று இ அடங்கிவிடுகிறது. ஆனால் உண்மையில் இ பேசியிருந்தால் யாருக்கும் கெடுதல் இல்லை. இ-யின் அலை அ வரை எட்டாது. ஆ-வின் அலை ஈ வரை எட்டாது. இரண்டு உரையாடலும் ஒரே நேரத்தில் நடந்திருக்கலாம். இதற்கு 'வெளிப்பட்ட முனையம்' சிக்கல் என்று பெயர். மறைந்த முனையத்தால் மோதல் வருகிறது. வெளிப்பட்ட முனையத்தால் நேரம் வீணாகிறது.

"அனுப்பட்டுமா, அனுப்பு" என்ற முறையும் எல்லா இடத்துக்கும் மருந்தாகிவிடாது. ஒரு வீட்டுக்குள் எல்லாக் கருவிகளும் ஒன்றையொன்று கேட்டுவிடுகின்றன. அங்கே இந்தக் குட்டிக் கேள்வியும் பதிலும் வீண் செலவு. அதனால் வீட்டு வைஃபையில் பெரும்பாலும் இதைப் பயன்படுத்துவதில்லை. கருவிகள் விலகி விலகி இருக்கும் இடத்தில்தான் இதன் அருமை தெரியும்.

மின்சாரத்தையும் மறந்துவிடக் கூடாது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கடலோரத்தில் கிரேட் டக் என்ற சிறு தீவு இருக்கிறது. அங்கே கடற்பறவைகள் நிலத்தில் வளை தோண்டிக் கூடு கட்டுகின்றன. மனிதர்கள் அடிக்கடி போனால் பறவைகள் மிரண்டுவிடும். அதனால் 2002-இல் விஞ்ஞானிகள் 32 குட்டிக் கருவிகளை அந்தத் தீவில் வைத்தார்கள். வளைக்குள் வைத்தவை வெப்பத்தையும் ஈரத்தையும் அளந்து ரேடியோவில் அனுப்பின. அவற்றுக்கு உணவு சின்ன பேட்டரி மட்டுமே. இத்தகைய கருவிகளில் பேசுவதற்கு மட்டுமல்ல, சும்மா காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பதற்கும் நிறைய மின்சாரம் செலவாகும். எனவே, எல்லாக் கருவிகளும் ஒன்றாகத் தூங்கி, ஒன்றாக விழித்து, விழித்திருக்கும் கொஞ்ச நேரத்தில் மட்டும் பேசிக்கொள்ளும் விதிமுறைகளையும் ஆராய்ச்சியாளர்கள் உருவாக்கினார்கள். எப்போது பேசுவது என்பதோடு, எப்போது தூங்குவது என்பதும் விதியாகிவிட்டது.

நம் ஊரிலும் இந்தத் துறையில் வேலை நடந்திருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் ஆராய்ச்சி செய்த சி. சிவராம் மூர்த்தி, பி. எஸ். மனோஜ் இருவரும் அட்ஹாக் வலைகளைப் பற்றி எழுதிய பெரிய பாடநூல் 2004-இல் வெளிவந்தது. கல்லூரிக்குப் போய்க் கணினி அறிவியல் படிக்கும்போது அந்த நூல் உங்கள் கைக்கும் வரலாம்.

நாம் கற்றுக்கொள்வது

இந்த விதிகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். பேசும் முன் கேள். அமைதி வந்ததும் பாயாதே, உன் எண் வரும்வரை பொறு. மோதினால் கோபித்துக்கொண்டு இன்னும் வேகமாக முட்டாதே. இன்னும் அதிகம் பொறு. உன்னைச் சுற்றி அமைதியா என்று மட்டும் பார்க்காதே. நீ யாரிடம் பேசப்போகிறாயோ அவர் பக்கம் அமைதியா என்று கேள். ஜெயித்தவனே மறுபடி மறுபடி ஜெயிக்கும்படி விதி இருந்தால், விதியையே மாற்று.

இதில் ஒரு தலைவர் கூட இல்லை. ஒரு உத்தரவு கூட இல்லை. எல்லோருக்கும் தெரிந்த, எல்லோரும் மதிக்கிற விதி ஒன்று இருக்கிறது. அதுவே போதுமானதாக இருக்கிறது. ஒரே ஒரு கருவி "நான் பொறுக்க மாட்டேன்" என்று விதியை மீறினால் அதற்கு அதிக நேரம் கிடைக்கும். மற்ற எல்லோருக்கும் குறையும். எல்லாக் கருவிகளும் மீறினால் யாருக்கும் எதுவும் கிடைக்காது. ஒழுங்கு என்பது மேலேயிருந்து வருவது மட்டுமல்ல, ஒவ்வொருவரும் பொறுமையாக நடந்துகொள்வதாலும் வரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த விடுமுறையில் நண்பர்களைக் கூட்டி அந்தச் சீட்டு விளையாட்டை விளையாடுங்கள். மூன்று பேரோடு தொடங்கி, ஒவ்வொரு சுற்றிலும் ஒருவரைச் சேருங்கள். எத்தனை மோதல் நடந்தது, எல்லோரும் பேசி முடிக்க எத்தனை தட்டு ஆயிற்று என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எட்டுச் சீட்டுக்குப் பதில் நான்கு சீட்டு வைத்தும், முப்பத்திரண்டு சீட்டு வைத்தும் பாருங்கள். சீட்டு குறைந்தால் மோதல் பெருகும். சீட்டு கூடினால் சும்மா கைதட்டும் நேரம் பெருகும். எத்தனை பேருக்கு எத்தனை சீட்டு சரி? உலகெங்கும் பொறியாளர்கள் தேடும் விடையும் இதுதான். நீங்களும் தேடுங்கள்.